சகினாவுக்கு ஒரு மெமோ

நந்தனத்தில் ஒரு தனியார் பள்ளி. அதன் நிர்வாக அலுவலர் சகினாவுக்குப் பத்தொன்பது வருட சர்வீஸ். தண்ணீர் லாரி வராவிட்டாலும் சகினாவைத்தான் கூப்பிடுவார்கள், வாத்தியார் வராவிட்டாலும் சகினாவைத்தான். இந்த ஓட்டத்தில் வாரத்தில் நாலு நாள் சுகர் மாத்திரையை மறந்துபோவாள்.

போன சனிக்கிழமை ஊழியர்களுக்கு மன அழுத்தம் குறைக்கும் பயிற்சி. வராதவர்களுக்கு மெமோ என்று தாளாளர் சுற்றறிக்கை விட்டிருந்தார். ஹால், மைக், சாப்பாடு எல்லாம் சகினாவின் ஏற்பாடு. அடையாறிலிருந்து வந்த பயிற்சியாளர் எல்லாரையும் கண்ணை மூடச் சொன்ன நேரம், அவள் போன் அடித்தது. சிறப்பு வகுப்புப் பிள்ளைகளோடு பள்ளி வேன் சைதாப்பேட்டையில் நின்றுவிட்டது.

"வண்டி ஸ்டார்ட்டே ஆவல மேடம், இன்னா பண்றது?" என்றார் டிரைவர் முனியன்.

ஓடினாள். வேறு வண்டி பிடித்துப் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தபோது ஹாலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சாம்பார் சாதம்கூட மிச்சமில்லை.

திங்கட்கிழமை வருகைப் பட்டியலில் அவள் கையெழுத்து மட்டும் இல்லை.

"வேன் விஷயம் உங்களுக்கே தெரியுமே சார்."

"தெரியும்மா. ஆனா ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். மெமோ டைப் பண்ணி எடுத்துட்டு வாங்க" என்றார் தாளாளர்.

மெமோ அடிப்பதும் அவள் வேலைதானே! 'மனநலப் பயிற்சியைப் புறக்கணித்தது ஏன்? மூன்று நாளில் விளக்கம் தரவும்' என்று தனக்குத் தானே அடித்தாள். பிழை திருத்தினாள். தாளாளரிடம் கையெழுத்து வாங்கினாள். சீல் வைத்து, 'பெற்றுக்கொண்டேன்' என்று தானும் கையெழுத்துப் போட்டாள்.

பீரோவில் 'ஊழியர் நலன்' என்று ஒரு ஃபைல் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அவளே ஆசையாகத் திறந்து வைத்தது. அதற்குள் போன முதல் காகிதம் அதுதான்.