கழுவித் துடைத்த போசி

தொண்ணூறுகளின் நடுவில், எனக்கு இருபத்தெட்டு வயதாகியிருந்தபோது, என்னைத் திருத்திக்கொள்வது என்று முடிவு செய்தேன். திருத்த என்ன இருந்தது என்று கேட்டால், எல்லாமே இருந்தது என்றுதான் அன்று சொல்லியிருப்பேன். ஜாதகத்தில் செவ்வாய். அண்ணன் வீட்டில் அண்ணியின் பெருமூச்சு. பி.எஸ்சி. முடித்தும் நாலு வார்த்தை இங்கிலீஷ் பேச வராத நாக்கு. செவ்வாயை நான் ஒன்றும் செய்ய முடியாது. பெருமூச்சிலிருந்து தப்பிக்க, கொடுமுடிப் பக்கத்துத் தோட்டத்து வீட்டை விட்டுக் கோயமுத்தூருக்கு வந்து, ஒரு நூற்பாலையில் நூலின் பலத்தைச் சோதிக்கும் வேலையில் சேர்ந்துவிட்டேன். மிச்சம் இருந்தது நாக்குதான்.

சிங்காநல்லூரில் ஒரு லைன் வீட்டின் கடைசி அறை எனக்குக் கிடைத்தது. ஒரே வரிசையில் ஆறு கதவுகள், முன்னால் நீள வாசல், நடுவில் ஒரே ஒரு குழாய். ஒருநாள் விட்டு ஒருநாள் சிறுவாணித் தண்ணீர் வரும். தனியாக ஒரு பெண் குடிவந்திருப்பதை நாலு வீட்டார் ஜன்னல் வழியாக ஆராய்ந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா மட்டும் நேராக வந்து கதவைத் தட்டினார்.

"ஏங் கண்ணு, ஒத்தையாவா இருக்கறே? சோறுண்டாச்சா?"

அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். அவர் வீட்டுக்காரர் மோட்டார் பட்டறையில் லேத் ஓட்டினார். பிள்ளைகள் இல்லை. சுவரில் மாதா படமும் அதன் கீழே சின்னதாக ஒரு சிவப்பு பல்பும் இருக்கும். அக்காவின் அப்பாவும் அம்மாவும் தொண்டாமுத்தூர்ப் பக்கம் தோட்டங்களில் கூலிக்கு இருந்தவர்கள். அக்காவே பத்து வயதில் களை வெட்டப் போனவர். எங்கள் வீட்டார் அப்படிப்பட்டவர்களை வேலைக்கு வைத்திருந்தவர்கள். லைன் வீட்டில் இதெல்லாம் யாரும் கேட்காமலே ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். தெரிந்தும் நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அதையே பெரிய முன்னேற்றம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாரத்தில் மூன்று நாளாவது அக்கா வீட்டிலிருந்து ஒரு போசி வரும். எங்கள் பக்கத்தில் பாத்திரத்தைப் போசி என்போம். இது கைப்பிடி வைத்த சின்னத் தூக்குப்போசி. உள்ளே பச்சைப்பயறு கடைசலோ, கொள்ளுப் பருப்போ, மழை நாளாக இருந்தால் சுடச்சுட அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கிய சோறோ இருக்கும். கொடுத்துவிட்டு உடனே போகமாட்டார். என் அறையில் காலை நீட்டி உட்கார்ந்து, நான் சாப்பிட்டு முடிக்கும் வரை ஊர்க்கதை பேசுவார். ஒரு கவளம் எனக்கும் கொடு என்று என் தட்டிலிருந்தே எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்.

வந்த போசியை வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை; எங்கள் பக்கத்தில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒன்றும் இல்லையென்றால் ஒரு கை சர்க்கரையாவது, நாலு பச்சை மிளகாயாவது, ஒரு முழம் பூவாவது போட்டுத்தான் கொடுப்போம். வெறும் போசியை நீட்டினால் கொடுத்தவருக்கும் நமக்கும் இனி ஒன்றுமில்லை என்று அர்த்தம். இதைத் தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

இதற்கிடையில் என் சுயமுன்னேற்றம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. டவுன்ஹால் நடைபாதையில் அட்டை கிழிந்த புத்தகம் ஒன்று வாங்கி, அதிலிருந்து பதினோரு விதிகளைத் தாளில் எழுதிப் பீரோக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்தேன். விடியற்காலை எழுந்து குளத்துப் பக்கம் நடப்பேன். நாய்கள் துரத்தியதால் அது பாதி ஓட்டமாகவும் இருந்தது. தினம் ஐந்து இங்கிலீஷ் வார்த்தைகள். கண்ணாடி முன் நின்று கை குலுக்கும் பயிற்சி. செய்து முடித்ததற்கெல்லாம் டைரியில் ஒரு டிக். ஒருநாள் டிக் விழவில்லை என்றால் அன்றைக்கெல்லாம் எரிந்து விழுவேன், அதுவும் என்மேலேயே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தான். ஊரில் ஒரு கல்யாணம், பத்திரிகை கொடுத்துவிட்டுப் போக வந்திருந்தான். ஊரிலிருந்து ஒரம்பரை, அதாவது விருந்தாள், வந்திருக்கிறது என்று தெரிந்ததும் அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அண்ணன் அக்கா வீட்டுத் திறந்த கதவைப் பார்த்தான், உள்ளே எரிந்த சிவப்பு பல்பைப் பார்த்தான்.

"இப்பத்தானுங்க குடிச்சேன்" என்றான், மிகவும் மரியாதையாக.

வெயிலில் வந்தவன் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது எனக்கே தெரிந்தது. அக்கா சொம்பைத் தரையில் வைத்துவிட்டுப் போனார். அவர் போனதும் அண்ணன் என் மண்பானையில் மொண்டு இரண்டு டம்ளர் குடித்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. நேர்படப் பேசு என்பது என் ஏழாவது விதி.

அதற்கடுத்த ஞாயிறு நான் ஆளுமை வளர்ச்சி வகுப்பில் இருந்தேன். காந்திபுரத்தில் ஒரு மாடியில் அது நடந்தது. டை கட்டிய ஒருவர், யாரையும் சார்ந்து வாழாதே என்று பலகையில் எழுதி அடிக்கோடு போட்டார். பிறர் தரும் சின்னச் சின்ன உதவிகள்தான் நம்மைக் கட்டிப்போடும் கயிறுகள் என்றார். நன்றி சொல்லுங்கள், தெளிவாக மறுத்துவிடுங்கள், அதுதான் வளர்ந்த மனிதனுக்கு அடையாளம் என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அண்ணி போட்ட சோற்றைப் பெருமூச்சோடு சேர்த்து நாலு வருஷம் தின்றவள் நான். யாரையும் சாராமல் இருப்பதுபோல ஒரு சொர்க்கம் இருக்கிறதா என்று தோன்றியது.

அந்தச் செவ்வாய்க்கிழமை போசியில் கீரைக் கடைசல் வந்தது. சாப்பிட்டேன். போசியைச் சபீனா போட்டுத் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்தேன். சர்க்கரை டப்பாவைக் கை தானாகத் தேடியது. அந்தக் கையை அடக்கினேன். அக்கா வீட்டு வாசற்படியில், உள்ளே கால் வைக்காமல் நின்று, போசியை நீட்டினேன்.

"ரொம்ப நன்றிங்கக்கா. இனிமே எனக்குச் சோறு குடுக்காதீங்க. நானே பொங்கிக்கறேன்."

அக்கா போசியின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சரிங்க அம்மணி" என்றார்.

அதுவரை கண்ணு என்றும் வா என்றும் போ என்றும் கூப்பிட்டவர் அவர். மாற்றம் எனக்குக் காதில் விழுந்தது. என் உறுதியை மதிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு டைரியில் இரண்டு டிக் போட்டேன்.

முதல் வாரம் நிம்மதியாகத்தான் இருந்தது. இரண்டாவது வாரத்தில்தான் ஒன்று கவனித்தேன்: மில்லில் மேஸ்திரியிடம் நூல் கண்டு எண்கள் சொன்னதைத் தவிர அந்த வாரம் முழுக்க நான் யாரோடும் பேசவில்லை. தண்ணீர் வரும் நாளில் அக்கா அப்போதும் என் குடத்தையும் வரிசையில் நகர்த்தி வைப்பார். நான் வந்தால் ஒதுங்கி, "நீங்க மொதல்ல புடிங்க" என்பார். சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டார். அந்தக் கேள்வியை எத்தனை முறை தொல்லை என்று நினைத்திருக்கிறேன்! இப்போது அதைக் கேட்க ஆளில்லாமல் சோறு இறங்கவில்லை. ஒரு ஆளுக்குக் குழம்பு வைப்பதைப் போலக் கொடுமை வேறில்லை; அது இரண்டு நாளானாலும் தீராது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அக்கா வீட்டு ரேடியோ சுவர் வழியாகக் கேட்கும். அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பேன். டிக் மட்டும் ஒன்றுகூடத் தவறவில்லை. அந்த மாதத்தைப் போல நான் ஒழுங்காக இருந்த மாதம் என் வாழ்க்கையிலேயே கிடையாது.

வகுப்பு முடிகிற நாளில் பேச்சுப் போட்டி வைத்தார்கள். ஐந்து நிமிடம் இங்கிலீஷில் பேச வேண்டும். என் சொந்தக் காலில் நிற்கிறேன் என்பதைப் பற்றிப் பேசினேன். இரண்டே இடத்தில்தான் தடுமாறினேன். முதல் பரிசு, ஒரு சுவர்க்கடிகாரம். டை கட்டியவர் கை குலுக்கினார். என் கை நடுங்கவில்லை.

பஸ்ஸில் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சிங்காநல்லூரில் இறங்கி, சந்தோஷத்தில் கால் கிலோ மைசூர்பாகு வாங்கினேன். வாங்கிய பிறகுதான் யாருக்குக் கொடுப்பது என்று யோசித்தேன். அண்ணனுக்கு எழுதலாம்; கடிதம் போய்ச் சேர்ந்ததும், இங்கிலீஷ் பேசினால் மாப்பிள்ளை வந்துவிடுவானா என்று அண்ணி கேட்பாள். பொழுது இறங்கும் நேரம். அக்கா வாசலில் தலை சீவிக்கொண்டிருந்தார். நான் கையில் அவ்வளவு பெரிய கடிகாரப் பெட்டியோடு அவரைத் தாண்டிப் போனேன். என்ன அது என்று அவர் கேட்கவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, விசும்பி விசும்பி அழுதேன். ஜெயித்து வந்தவள் அப்படி அழுவாளா என்று எனக்கே அவமானமாக இருந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு மைசூர்பாகை எடுத்துப் போனேன். படியில் நிற்காமல் உள்ளேயே போய்விட்டேன். அக்கா தனியாகத்தான் இருந்தார். வீட்டுக்காரருக்கு ராத்திரி ஷிப்ட். பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கினார்.

"என்னத்துக்குங்க இதெல்லாம்?"

பரிசு வாங்கியதைச் சொன்னேன். "நல்லதுங்க அம்மணி" என்றார். மாதா படத்துப் பல்பு எரிந்துகொண்டிருந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது. போனால் அந்த ஆளில்லாத அறைதான் இருக்கிறது.

"அக்கா, எம்மேல கோபமா?" என்று கேட்டேன்.

"நமக்கென்னுங்க கோபம்" என்றார். பொட்டலத்து நூலை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "உங்கண்ணன் வந்துட்டுப் போனாரு. தண்ணி வாங்கிக் குடிக்கலீங்க. அடுத்த வாரமே நீங்க போசியக் கழுவித் தொடச்சு நீட்டுனீங்க. அண்ணன் சொல்லிப்போட்டாராட்ட இருக்குது, எங்கூட்டுச் சோறு உண்ணக்கூடாதுன்னு. செரி, அவியவிய மொறை அவியவியளுக்குன்னு நெனச்சுட்டனுங்க."

எங்கள் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு டம்ளர் தனியாக இருக்கும். அம்மா அதில் எட்டத்திலிருந்து ஊற்றுவாள். என்னைவிட முப்பது வயது மூத்தவர்கள், ஐந்து வயதுக் குழந்தையான என்னை, "வாங்க அம்மணி, உக்காருங்க அம்மணி" என்பார்கள். நான் உட்காருவேன், அவர்கள் உட்காரமாட்டார்கள். எங்கள் பக்கத்து மரியாதைப் பேச்சை ஊர் உலகமே மெச்சுகிறது. அதை யாருக்கு யார் சொன்னார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. என்னை விதி போட்டுத் திருத்திக்கொண்டிருந்த அத்தனை நாளும் யோசித்ததில்லை.

"அண்ணன் ஒண்ணும் சொல்லலீங்கக்கா" என்று ஆரம்பித்தேன். வகுப்பில் சொன்னது, கயிறு, சார்ந்து வாழாதது, எல்லாவற்றையும் குழறிக் குழறிச் சொன்னேன். மேடையில் இரண்டே இடத்தில் தடுமாறியவள் அங்கே ஒரு வாக்கியத்தைக்கூட ஒழுங்காக முடிக்கவில்லை. அன்றைக்கு அண்ணன் செய்தது தப்பு, பார்த்துக்கொண்டு நான் சும்மா இருந்தது அதைவிடத் தப்பு என்பதையும் சொன்னேன்.

அக்கா பொறுமையாகக் கேட்டார். "அப்படிங்களா" என்றார். நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"சோறு இருக்குதுங்களாக்கா? எனக்குப் பசிக்குது" என்றேன்.

பசி ஒன்றும் இல்லை. என் வாழ்க்கையில் யாரிடமும் வாய்விட்டுச் சோறு கேட்டதில்லை. பதினோரு விதிகளில் எதையும்விட அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அக்கா ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்தார். பிறகு எழுந்து, தட்டைக் கழுவி, இன்னொரு முறையும் கழுவி, என் முன்னால் வைத்துச் சோறு போட்டார். கொள்ளுப் பருப்பு ஊற்றினார். நான் பிசைந்து ஒரு வாய் எடுத்துவிட்டு அண்ணாந்து பார்த்தேன். அவர் கரண்டியோடு சுவர் ஓரமாக நின்றார்.

"நீங்களும் உக்காந்து உண்ணுங்கக்கா" என்றேன்.

"இருக்கட்டுங்க. நீங்க உண்ணுங்க அம்மணி."

இன்னொரு முறை சொன்னேன். இருக்கட்டுங்க என்றார். நான் சாப்பிட்டு முடித்து எழுந்து கை கழுவும் வரை அவர் உட்காரவே இல்லை.