வெறுந்தோணி திரும்பக் கூடாது என்று சொன்னது நான்தான்

நான் இரண்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. இதையும் எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன், ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப் பொழுது போய்விடுகிறது. போகட்டும், எனக்கென்ன அவசரம். ஆனால் அஞ்சாறு நாட்டுப் பெரிய மனிதர்கள் முன்னால் எழுந்து நின்று பேசியவள் எங்கள் தெருவில் நான் ஒருத்திதான். இந்தக் கதையை நான் எடுத்தாலே என் வீட்டுக்காரர் மாட்டைப் பார்க்க எழுந்து போய்விடுவார். மாட்டை விற்ற பிறகும் போனார்.

எண்பதுகளின் நடுவில் ஒரு சாரல் காலம். அந்த வருஷம் பாவூர்சத்திரம் சந்தையில் உள்ளியை, அதாவது சின்ன வெங்காயத்தை, ஏனென்று கேட்க ஆளில்லை. எங்கள் தோட்டத்தில் உள்ளி சேர்த்து வைக்கிற பட்டறையில் கூரை முட்டக் கிடந்தது. சாரல் ஈரம் உள்ளே புகுந்து முளைவிடத் தொடங்கியிருந்தது. இன்னும் பத்து நாள் போனால் அள்ளிக் குப்பைக் குழியில்தான் கொட்ட வேண்டும்.

அதே நேரம் இலங்கையில் சண்டை. அங்கே உள்ளி போட்டவர்கள் நிலத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். தூத்துக்குடித் தோணியில் வேலை பார்த்த என் தம்பி வந்து சொன்னான்: "அங்க குழம்பு வைக்க உள்ளி இல்லக்கா. இங்க அழுகுது. நடுவுல கொஞ்சூண்டு தண்ணிதான்." உள்ளியை ஏற்றிக்கொண்டு அந்தத் தண்ணியைத் தாண்ட உத்தரவு வேண்டுமாம்.

அதைப் பற்றிப் பேசத்தான் அந்த அஞ்சாறு நாட்டுப் பெரிய மனிதர்கள் குற்றாலத்துக்கு வந்தார்கள். சுற்றி இருக்கிற நாடுகள் எல்லாம் கொடுக்கல் வாங்கல் செய்தால் அந்தத் தீவு காலூன்றி நிற்கும், கடையில் சாமான் இருந்தால் சனத்தின் கொதிப்பும் கொஞ்சம் அடங்கும் என்பது யோசனை. நல்ல யோசனைதான். அதைச் சாரல் நேரத்தில் குற்றாலத்தில் வைத்தா பேசுவார்கள்? காலையில் எண்ணெய் தேய்த்து அருவிக்குப் போனவர்கள் மத்தியானம்தான் திரும்பினார்கள். திரும்பியவர்கள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று பகலில் தூங்கக் கூடாது என்று அவர்களுக்கு யார் சொல்வது. மாலத்தீவிலிருந்து வந்த ஒருவர், சுற்றிக் கடல் கிடந்தும் தலையில் வந்து விழுகிற தண்ணீரைப் பார்த்ததில்லையாம், மெயினருவியை விட்டு நகரவே மாட்டேன் என்றாராம். இடுப்பில் துண்டோடு நின்றால் யார் எந்த நாடு என்று யாருக்குத் தெரியும். எல்லா நாட்டுக்கும் ஒரே தொப்பைதான்.

மூன்றாம் நாள், கடைசி நாள். அவர்கள் தங்கிப் பேசிய பங்களாவின் சமையலுக்கு உள்ளி கேட்டிருந்தார்கள் என்று நானும் வீட்டுக்காரரும் ஒரு மூட்டையோடு போனோம். விவசாயிகள் சார்பில் பேச ஒரு பண்ணையாரை ஏற்பாடு செய்திருந்தார்களாம். அவர் ஐந்தருவிக்குப் போனவர் போனவர்தான். கலெக்டர் ஆபீஸ் அதிகாரி கையைப் பிசைந்துகொண்டு சமையல்கட்டுக்கே வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, நீங்க விவசாயிதான? ரெண்டு வார்த்த பேசுங்க."

என் வீட்டுக்காரர் வீட்டுக்குள் மட்டும்தான் சத்தமாகப் பேசுவார். "தொண்ட கட்டியிருக்கு சார்" என்றார்.

"காலைல என்னய வையும்போது கட்டலயே" என்றேன். "நான் பேசுதேன் சார்."

"ஏட்டி, அங்க இங்கிலீஷ்ல பேசுதாவ."

"பேசட்டும். உள்ளிக்கு இங்கிலீஷ் தெரியாது."

உள்ளே பாதிப் பேர் கண் சொருகி உட்கார்ந்திருந்தார்கள். இலங்கையிலிருந்து வந்தவர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். அவர் ஒருவர் முகத்தில்தான் தூக்கமே இல்லை. என் உள்ளி முளைவிடுவதைச் சொல்லி முடித்ததும் அவர் சொன்னார்: "உங்கட வெங்காயம் எங்களுக்கு வேணும் அம்மா. ஆனா ஒவ்வொருத்தரிட்டயும் வாங்கிக்கொண்டே இருக்கேலாது. எங்கட சனம் பிச்சை எண்டு நினைக்கும்." மூன்று நாளாக அந்த இடத்தில்தான் பேச்சு மாட்டிக்கொண்டு நின்றதாம்.

எனக்கு அது ஒரு சிக்கலாகவே படவில்லை. "எங்க தெருவுல பக்கத்து வீட்டுக்காரி குழம்பு குடுத்தா, அந்த ஏனத்த, அதான் பாத்திரத்த, வெறும் ஏனமாத் திருப்பித் தர மாட்டோம். ஒண்ணுமில்லன்னா ரெண்டு கத்தரிக்காயாவது போட்டுத்தான் குடுப்போம். தோணி அங்க சரக்க எறக்கிட்டு, பாரத்துக்கு மண்ண அள்ளிப் போட்டுட்டு வருதுன்னு என் தம்பி சொல்லுதான். மண்ணு எதுக்கு? உங்ககிட்ட மிஞ்சுதத போட்டு அனுப்புங்க. நாங்களும் வாங்கிக்கிடுதோம்."

அதிகாரி இதை மற்ற நாட்டுக்காரர்களுக்கு இங்கிலீஷில் சொல்ல எனக்கு ஆன நேரத்தைவிட மூன்று மடங்கு எடுத்துக்கொண்டார். யாழ்ப்பாணத்துக்காரர் முதல்முறையாகச் சிரித்தார்.

"எங்களிட்ட மிஞ்சுறது தேங்காய்தான் அம்மா."

"தாராளமா அனுப்புங்க" என்றேன்.

கதவோரம் தொண்டை கட்டிய மனிதர் பலமாக இருமினார். எல்லோரும் கை தட்டியதில் நான் அதைக் கவனிக்கவில்லை. எங்கள் கிணற்றைச் சுற்றி நின்ற அறுபது தென்னையும் அப்போது என் ஞாபகத்திலேயே இல்லை. கண்ணுக்குள் உள்ளிதான் நின்றது.

ஒரு வாரத்தில் லாரி வந்தது. அடியில் கிடந்தது கொஞ்சம் அழுகியிருந்தது, மற்றதெல்லாம் தோணி ஏறிவிட்டது. பட்டறையைக் கூட்டிப் பெருக்கியபோது எனக்கிருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. அடுத்த மாதம் அந்தத் தோணி தேங்காயோடு வந்தது. எங்கள் காயைப் பாவூர்சத்திரம் வியாபாரி கையில் எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "இலங்கைக் காய் இதவிடப் பெருசு" என்று கீழே வைத்துவிட்டார்.

வீட்டுக்காரர் காய் மூட்டையைத் திரும்ப வண்டியில் ஏற்றினார். வீட்டு வாசலில்தான் வாயைத் திறந்தார். "அந்தக் காய யாரு அனுப்பச் சொன்னது?"

"நாந்தான். ஊரு உலகத்துல போயி கேளுங்க, சொல்லுவாவ."

நாங்கள் அனுப்பிய உள்ளியால் அங்கே சண்டை நின்றுவிடவில்லை, அது எனக்கும் தெரியும். அறுபது மரத்துக் காயும் அந்த வருஷம் கொப்பரையாகத்தான் போனது. ஆனால் சொன்ன வார்த்தையை நான் திருப்பி வாங்கவில்லை.

தம்பி அடுத்த தடவை வந்தபோது ஒரு சாக்கில் நாலு இலங்கைக் காய் கொண்டுவந்தான். ஒன்றை உடைத்துத் துவையல் அரைத்தேன். வீட்டுக்காரர் வழித்து வழித்துச் சாப்பிட்டார்.

"நல்லாருக்கே. நம்ம காயா?"

"நாம குடுத்த ஏனத்துல திரும்பி வந்தது."

இலங்கைக் காயா என்று துவையலை ஒருமுறை முகர்ந்து பார்த்தார். பிறகு இன்னும் கொஞ்சம் வைக்கச் சொல்லித் தட்டை நீட்டினார். அதையும் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் மாட்டைப் பார்க்க எழுந்து போனார்.