எறும்பு கடிக்கிற மாதிரிதான்

இரத்தம் எடுக்கும் அறையில் ஊசி குத்துகிறவருக்குப் படிப்பு உண்டு, சீருடை உண்டு, சம்பளம் உண்டு. பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறவளுக்கு வியர்வை மட்டும்தான்.

அந்த இரண்டாவது வேலைதான் ஒரு வருஷமாக என்னுடையது. என் மகள் மித்ராவுக்கு ஐந்து வயது. தலசீமியா. மாதம் ஒருமுறை அவளுக்கு இரத்தம் ஏற்ற வேண்டும். அதற்கு முந்தின நாள் கொஞ்சம் எடுத்துப் பார்க்க வேண்டும். "இது வாழ்நாள் முழுக்க. இப்பவே பயந்துட்டா, பதினஞ்சு வயசுல நீங்க கூப்பிட்டாலும் வரமாட்டா" என்று டாக்டர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கணினியைத் தட்டினார். அந்த வார்த்தைகளோடுதான் நான் தினமும் படுக்கப் போகிறேன். நாளை மறுநாள் மறுபடி முறை வருகிறது. அவள் தூங்குகிறாள், எனக்கு வரவில்லை. இந்த வேலையில் இருக்கும் மற்ற அம்மாக்களே, உங்களுக்கும் வராது என்று தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

கெரெங்கா

முதல் தடவை என்ன சொல்வதென்று தெரியவில்லை. நம் அம்மாக்கள் எல்லாரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். "ஒண்ணுமே இல்ல பாப்பா, எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்."

சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்னால் லூபோக் சீனா என்ற ஊரில் என் கணவரின் அண்ணன் வீட்டில், ரம்புத்தான் மரத்தடியில் விழுந்து கிடந்த ஒரு கெரெங்காக் கூட்டின் மேல் காலை வைத்துவிட்டாள் மித்ரா. அந்தச் சிவப்பு எறும்பு கடித்தால் பெரிய ஆம்பிளையே ஆடுவார். அவளுக்கு முட்டி வரை வீங்கி, இரண்டு நாள் செருப்புப் போட முடியவில்லை. அவளுக்குத் தெரிந்த எறும்பு அது ஒன்றுதான். ஊசியைப் பிரிக்கும் முன்பே நாற்காலியிலிருந்து குதித்துக் கதவுக்கு ஓடினாள். அங்கே ஊசி போடும் நர்ஸ், மிஸ்ஸி லெட்சுமி அக்கா கையுறையைக் கழற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"ஏன் தங்கச்சி, பாம்பு கடிக்கிற மாதிரின்னு சொல்லியிருக்கலாம்ல? அத அவ பாத்ததே இல்ல."

சோறு இறங்கும் வழி

நம் வீடுகளில் பிள்ளைக்குச் சோறு இறங்க வேண்டுமென்றால் பக்கத்தில் ஓர் ஊசி வேண்டும். "சாப்பிடலன்னா மிஸ்ஸிகிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்!" மித்ராவுக்கு இரண்டு வயதானதிலிருந்து தினம் இரண்டு வேளை இதைச் சொல்லியிருக்கிறேன். நல்ல பலன் இருந்தது. தட்டு காலியாகும்.

இரண்டாவது மாதம் அவள் ஓடவில்லை. அமைதியாக உட்கார்ந்தாள். பரவாயில்லையே, பழகிவிட்டாள் என்று நினைத்தேன். கையில் ரப்பர் பட்டையைக் கட்டும்போது என் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். அழுகை கண்ணில் நிற்கிறது, விழவில்லை.

"அம்மா, நான் சோறு ஃபுல்லா சாப்பிட்டேன்தானே? கீரைகூட சாப்பிட்டேனே."

நான்கு பேர்

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். மூன்றாவது மாதம் லெட்சுமி அக்கா லீவு. நரம்பு கிடைக்கவில்லை. மித்ராவைப் படுக்கவைத்து, போர்வையால் சுற்றி, நான்கு பேர் பிடித்தோம். அந்த நான்கு பேரில் நானும் ஒருத்தி. மணிக்கட்டு என் பொறுப்பு. ஒரு குத்து, இரண்டு, மூன்று. "சக்கிட் சிக்கிட் சஜா, சாயாங்" என்று புதிய மலாய் மிஸ்ஸியும் பாவம் சொல்லிக்கொண்டே இருந்தார். கொஞ்சம்தான் வலிக்குமாம். மித்ரா அவரைத் திட்டவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

என் கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர், பாதையில் பாம்பு கிடந்தால் இறங்கித் தூக்கிப் போடுகிறவர். முதல் குத்திலேயே வெளியே போய்விட்டார். முடிந்து வந்து பார்த்தால் படிக்கட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கோபத்தில் கேட்டேன், நான் மட்டும் என்ன இரும்பா என்று.

"உள்ள இருந்தா என்ன நடக்குதுன்னு தெரியும். வெளிய சத்தம் மட்டும்தான் கேக்குது."

அன்றிலிருந்து மித்ரா என்னை மணிக்கட்டைப் பிடிக்க விடுவதில்லை. வளையல் போட விடுவதில்லை. அதுகூடப் பரவாயில்லை. புக்கிட் பெருவாங்கில் எங்கள் வீட்டு முன்னால் சாலையைக் கடக்கும்போதும் கையை உதறிவிடுவாள். கார்கள் நிற்காத சாலை அது.

முகத்துக்குப் பூசுகிற கிரீம்

மரத்துப்போக வைக்கும் கிரீம் என்று ஒன்று இருப்பதே எனக்கு அதற்குப் பிறகுதான் தெரியும். லெட்சுமி அக்கா எழுதி வாங்கிக் கொடுத்தார். ஒரு மணி நேரம் முன்னாலேயே போட்டு, மேலே பிளாஸ்டிக் ஒட்ட வேண்டும். எந்த இடத்தில் என்று பேனாவால் வட்டம்கூடப் போட்டுக் காட்டியிருந்தார். நான் வீட்டில் நன்றாகத் தேய்த்துத் தேய்த்துப் பூசினேன். ஒரு பொட்டு வெள்ளை தெரியாமல் பளபளவென்று கொண்டுபோய் நிறுத்தினேன். அன்றும் வலித்தது. லெட்சுமி அக்கா தலையில் கை வைத்தார்.

"மூஞ்சிக்குப் பூசுற கிரீம்னு நெனச்சியா? கேக்குல ஐசிங் மாதிரி கெட்டியா வைக்கணும், தேய்க்கவே கூடாதுலா!"

வலிக்கும்

போன மாதம் காரில் போகும்போது பின்சீட்டிலிருந்து கேட்டாள், "வலிக்குமாம்மா?"

கான்வென்டில் ஒரு பொய்க்காக, இனி பொய் சொல்லமாட்டேன் என்று நூறு தடவை எழுதிக் கொடுத்தவள் நான். பிள்ளையிடம் எத்தனை சொல்லியிருக்கிறேன்! "வலிக்கும். கிரீம் போட்டிருக்கு, அதனால கொஞ்சமா வலிக்கும். நீ எதுவும் தப்பு பண்ணல. அழலாம். கைய மட்டும் ஆட்டக்கூடாது" என்றேன். நான் சொன்னது சரியா என்று சிக்னலில் நின்ற நேரம் முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தேன்.

லெட்சுமி அக்கா அவளைப் படுக்கவைக்கவில்லை. என் மடியில், என் நெஞ்சைப் பார்த்து உட்கார்த்தி, ஒரு கையை மட்டும் என் அக்குளுக்குக் கீழே பின்னால் நீட்டச் சொன்னார். என் தோளுக்கு மேலே அவள் சோப்புக் குமிழி ஊத வேண்டும். குச்சியைப் பிடிக்கிற வேலை அவள் அப்பாவுக்கு. அவர் கை ஆடிய ஆட்டத்தில் ஒரு குமிழிகூட வரவில்லை. "அப்பா, கைய ஆட்டக்கூடாதுன்னு அம்மா சொன்னாங்கல்ல!" என்று அதட்டினாள். அந்த நேரத்தில் ஊசி உள்ளே போயிருக்கிறது. அழுதாள், நன்றாகவே அழுதாள். கை அசையவில்லை. ஒரே குத்து.

வெளியே வந்து கார் நிறுத்துமிடத்துக்குச் சாலையைக் கடக்க வேண்டும். நான் கையை நீட்டவில்லை, பயம். பஞ்சு ஒட்டாத கையை அவளே என் உள்ளங்கையில் வைத்தாள். எனக்கு அப்போதும் நடுக்கம் நிற்கவில்லை.

"பயப்படாதீங்கம்மா, கார் எதுவும் வரல."

ஆக, ஒரு வருஷ அனுபவத்தில் பிள்ளைக்கு மரத்துப்போகும் கிரீம் எப்படிப் போடுவதென்று கற்றுக்கொண்டேன். அம்மாவுக்கு எந்த இடத்தில் கெட்டியாக வைப்பதென்று லெட்சுமி அக்கா இன்னும் வட்டம் போட்டுக் காட்டவில்லை.