காது இரைந்த பிறகு

1935இல் இலங்கையில் மாத்தளையின் வடபக்கமெங்கும் மலேரியா பரவியபோது, நாவுலப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தைத் தற்காலிக ஆஸ்பத்திரியாக்கினார்கள். நர்ஸ் வேலைக்குப் பாலாமணியும், மருந்து கலந்து கொடுக்க அவள் கணவன் இராசமாணிக்கமும் டவுனிலிருந்து வந்தார்கள்.

நர்ஸ் பயிற்சியில் பாலாமணி படித்ததெல்லாம் அங்கே பாய்களில் கிடந்து நடுங்கியது. கிருமி சிவப்பணுவுக்குள் பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியே வரும்போதுதான் உடம்பு அப்படி உதறும். உடைந்ததையெல்லாம் வடிகட்டி வடிகட்டியே மண்ணீரல் வீங்கும். லக்கலயிலிருந்து வந்த பிள்ளைகளின் இடது விலாவுக்குக் கீழே கை வைத்தாலே அது தட்டுப்பட்டது. கொயினா என்ற கசப்பு மருந்து கிருமியைக் கொல்லும். கூடவே காதுக்குள் வண்டுபோல் இரையும், பயப்படவேண்டாம் என்று பாலாமணி எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள்.

ஆனால் மருந்து குடித்தும் பலருக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. பீபி என்ற இளம்பெண், "நீங்க குடுத்தா குடிப்பேன் நர்ஸம்மா" என்று அந்தக் கசப்பை முகம் சுளித்து விழுங்குவாள். நாளுக்கு நாள் வெளிறி, கடைசியில் இறந்துபோனாள். நோய் முற்றித்தான் வந்தாள் என்று பாலாமணி மனதைத் தேற்றிக்கொண்டாள்.

மறுவாரம் அவளுக்கே குளிர் கண்டது. இராசமாணிக்கம் மருந்தை அவனே கலந்து ஊட்டினான், பக்கத்தைவிட்டு நகரவில்லை. காய்ச்சல் விட்டது, காது இரைந்தது. அப்போதுதான் உறைத்தது: வார்டில் ஒருவர்கூடக் காது இரைகிறது என்று சொன்னதில்லை.

"என்னங்க, எனக்குக் குடுத்தது எது? அவங்களுக்குக் குடுக்கிறது எது?"

அவன் சிரித்து மழுப்பப் பார்த்தான். அவள் விடவில்லை.

"அதுல நெலவேம்புக் கசாயந்தான் கூட, கொயினா கொஞ்சந்தான். மிச்சத்த வித்துட்டேன், கடைக்காரங்க அதுக்குப் பறக்கிறாங்க. ஒனக்கு நல்லதத்தானே குடுத்தேன்?"

"என் கையாலதானே அவங்களுக்குக் குடுக்க வச்சீங்க!"

படுக்கையிலிருந்து எழுந்து ஆஸ்பத்திரி டாக்டரிடம் போய்ச் சொன்னாள். பொலிஸ் கூட்டிப்போகையில், "ஒன் உசிரக் காப்பாத்தினதுக்கா இது?" என்று கேட்டான் அவன்.

பீபியின் கணவன் புஹாரி வந்தான். "ஒங்களுக்குத் தெரியாதா நர்ஸம்மா?"

"சத்தியமாத் தெரியாது."

நம்பியதாகவும் சொல்லாமல், நம்பாததாகவும் சொல்லாமல் போய்விட்டான். அதன்பின் நல்ல மருந்து வந்தும் பலர் அவள் கையால் வாங்கவில்லை. கிருஷ்ணம்மா என்ற உதவியாள்தான் கொடுத்தாள். பாலாமணி பாய்களைத் துவைத்தாள், நோயாளிகளுக்கு ஈரத்துணி போட்டாள், கொள்ளைநோய் ஓயும்வரை போகவில்லை.

மறியலில் தண்டனை முடிந்து வந்து இராசமாணிக்கம் கதவைத் தட்டியபோது அவள் திறக்கவில்லை. அவன் ஊட்டிய மருந்தால்தான் பிழைத்தோம் என்பதை மட்டும் கடைசிவரை அவளால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.