பரண் மேல் இருந்த கால்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு கால் இருந்தது. பழைய சேலையில் சுற்றி, இட்லிக் குண்டானுக்குப் பின்னால் வைத்திருந்தோம். எனக்காகச் செய்த கால்தான். அதைப் போட்டுக்கொண்டு நடக்கக் கூடாது என்று எங்கள் வக்கீல் சொல்லியிருந்தார்.

சொந்தக் கால் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி எங்கள் வீடு. முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். மகள் அப்போது கைக்குழந்தை. ஒரு மழை நாளில் துணி துவைக்கிற கல்லருகே வழுக்கி விழுந்து, இடது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்தது. டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டுப் படுக்க வைத்தார்கள். அன்றைக்கே வலி உயிர் போயிற்று. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் வீங்கி, மரத்து, நீலம் பாரித்தன.

"ரொம்ப இறுக்கமா இருக்குதாம் சார். கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க" என்று என் வீட்டுக்காரர் கெஞ்சினார்.

டாக்டர் கட்டிலுக்குக் கிட்டே கூட வரவில்லை. வாசற்படியில் நின்றபடியே, "எலும்பு உடைஞ்சா வலிக்காம என்ன பண்ணும்? ஊசி போடச் சொல்றேன்" என்று போய்விட்டார். நாற்றம் கிளம்பிய பிறகுதான் பிரித்தார்கள். பிரித்த நர்சின் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கட்டு இறுக்கியதில் உள்ளே ரத்த ஓட்டம் எப்போதோ நின்றுபோயிருக்கிறது, காலை எடுத்தால்தான் உயிர் நிற்கும் என்று அங்கே சொன்னார்கள். எடுத்தார்கள். அந்த மனுஷன் ஒரே ஒரு தரம் கட்டைப் பிரித்துப் பார்த்திருந்தால் என் கால் எனக்கு இருந்திருக்கும். இன்றைக்கும் இதைப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நுகர்வோர் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டோம். வக்கீல் நல்லவர், கெட்டிக்காரரும் கூட. ஊன்றுகட்டை இல்லாமல் இவரால் நடக்க முடியாது, இனி தையல் வேலை செய்யவே முடியாது என்று மனுவில் எழுதினார். எழுதும்போது அது உண்மையாகத்தான் இருந்தது. அப்புறம் டவுனில் இலவசமாகச் செயற்கைக் கால் கொடுக்கும் முகாம் ஒன்று நடந்தது. போய் அளவு கொடுத்து வாங்கி வந்தேன். பொருத்திக் கொடுத்தவர், "தினமும் போட்டுப் பழகுங்கம்மா. போடாம வெச்சிட்டா மீதிக் கால் மெலிஞ்சிடும், இது உங்களுக்குப் பொருந்தாது" என்று படித்துப் படித்துச் சொன்னார்.

சந்தோஷமாக வக்கீலிடம் போய்ச் சொன்னால், அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னாம்மா நீங்க! கால் மாட்டிக்கிட்டு டக்கு டக்குனு கோர்ட்டுக்கு வந்தா, நல்லாத்தானே நடக்குதுன்னுடுவான் எதிர்பார்ட்டி. கேஸ் முடியட்டும், அப்புறம் ஓடுங்க, ஆடுங்க. மெஷினையும் தொடாதீங்க. பௌர்ணமிக்குப் பௌர்ணமி உங்க வாசல்ல அவ்ளோ ஜனம் போகுது. அதுல எவன் சாமி கும்பிட வந்தவன், எவன் கேமராவோட வந்தவன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எத்தினி நாளு சார்?"

"சீக்கிரம் முடிஞ்சிடும்மா."

சீக்கிரமாம் சீக்கிரம்! ஒரு வாய்தாவுக்கு டாக்டர் வரமாட்டார், அடுத்த வாய்தாவுக்கு அவருடைய வக்கீல் வரமாட்டார், இரண்டு பேரும் வந்தால் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் லீவு. கட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு படியேறி, பெஞ்சில் உட்கார்ந்து, மறு தேதி வாங்கிக்கொண்டு இறங்குவேன். அக்குள் புண்ணாகிக் காய்த்துப்போயிற்று. தவழ்ந்துகொண்டிருந்த மகள் நடந்தாள், ஓடினாள், பள்ளிக்கூடம் போனாள். கால் மட்டும் பரணிலேயே கிடந்தது.

சும்மா உட்கார்ந்தால் சோறு யார் போடுவது? மெஷினைச் சமையலறைக்குத் தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டு தைத்தேன். சத்தம் வெளியே கேட்காமலிருக்க ரேடியோவை அலறவிடுவேன். பக்கத்து வீட்டு அக்கா ஜாக்கெட் துணியைத் தூக்குவாளிக்குள் சுருட்டி வைத்து, "குழம்பு எடுத்தாந்தேன்டீ" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டு வருவாள். சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஒற்றைக் காலால் மிதித்து மிதித்து இடுப்பு விட்டுப்போகும்போது, பரணைப் பார்த்து அழுகை முட்டிக்கொண்டு வரும்.

பௌர்ணமி வந்தால் ஜெயில்தான். ஊரே வாசலில் நடக்கும். நான் ஜன்னலைக் கூடச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பேன். ஒரு தடவை புழுக்கம் தாங்காமல் வாசலில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ ஒரு அம்மா என் கட்டையைப் பார்த்துவிட்டு, மடியில் புளிசாதப் பொட்டலத்தை வைத்துக் கும்பிட்டுப் போனாள். "நான் இன்னா பிச்சைக்காரியா?" என்று கத்தினேன். அவள் திரும்பியே பார்க்கவில்லை. வீட்டுக்காரர் ஓடி வந்து, "எதுக்கும்மா வெளிய வந்த? வக்கீல் இன்னா சொன்னாரு?" என்றார். அந்தப் பொட்டலத்தை அவர் மேலேயே எறிந்தேன்.

பிறகு ஒரு பௌர்ணமி நாளில், வெயில் தாழ்ந்த நேரம். வெளியே மகளும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் விளையாடும் சத்தம் கேட்டது. "நான்தான் அம்மா, நான்தான் அம்மா" என்று என் மகள் அடம் பிடித்தாள். கதவு இடுக்கில் பார்த்தேன். துடைப்பத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒரு காலை மடக்கி நொண்டினாள். அதைக்கூடத் தாங்கியிருப்பேன். ஒவ்வொரு தடவை நொண்டுவதற்கும் முன்னால் நின்று, தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். "யாராச்சும் பாக்குறாங்களாடி?" என்று மற்றவளைக் கேட்டாள். "பாக்குறாங்க" என்றாள் அவள். உடனே என் மகள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சுவரோடு ஒண்டினாள்.

அடிப்பாவி, உனக்கு நான் சொல்லிக்கொடுத்தது இதுதானா!

வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காலை இறக்கச் சொன்னேன். "வேணாம்மே, இன்னும் கொஞ்ச நாளு" என்று இழுத்தார். நான் பார்த்த பார்வையில் ஸ்டூலில் ஏறிவிட்டார். முகாம்காரர் சொன்னது சரிதான். கால் தொளதொளவென்று ஆடியது. தையல்காரிக்கா தெரியாது? பழைய பனியன் துணியை மடித்து மடித்து உறை தைத்து மாட்டி, பெல்ட்டை இறுக்கினேன். சுவரைப் பிடித்து எழுந்து, வீட்டுக்காரர் தோளைப் பிடித்து வாசலுக்கு வந்தேன். மீதிக் கால் உரசிய எரிச்சலில் கண்ணைக் கட்டியது. ஆனாலும் நின்றேன், இரண்டு காலில். ஜனங்கள் என்னைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் என்னைக் கவனிக்கவே இல்லை.

மகள் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ வீலென்று கத்தி ஓடி வந்து, என் புடவையை வீட்டுக்குள் இழுத்தாள்.

"உள்ள வாம்மா! பாத்துடுவாங்கம்மா!"

"பாக்கட்டும்டி" என்றேன். அவள் விடவில்லை.

அடுத்த வாய்தாவுக்குக் காலோடுதான் போனேன். எங்கள் வக்கீல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எதிர்த்தரப்பு வக்கீல் உற்சாகமாக எழுந்தார். "நடக்க முடியாதுன்னு மனுவில இருக்குது. இப்ப நடந்து வர்றீங்களே?"

"இதக் கழட்டி வெச்சிட்டுத்தான் சார் தூங்கறேன்" என்றேன். "உங்க டாக்டரு ஒருவாட்டி மாவுக்கட்டைப் பிரிச்சிருந்தா, கழட்டாமலே தூங்கியிருப்பேன்."

வழக்கில் ஜெயித்தோம். தப்பு டாக்டருடையதுதான் என்று எழுதினார்கள். ஆனால் மனுதாரர் செயற்கைக் காலுடன் நடக்கிறார், தொழில் செய்ய முடிகிறது என்றும் எழுதி, கேட்டதில் பாதியைத்தான் கொடுத்தார்கள். அதற்கும் டாக்டர் தரப்பார் சென்னைக்கு அப்பீல் போய் இன்னும் சில வருஷத்தைத் தின்றார்கள். வயிறு எரியவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வருஷங்களில் கதவைத் திறந்து வைத்துத்தான் தைத்தேன்.

மகள் பெரியவளானதும் மஞ்சள் நீராட்டு வைத்தோம். பட்டுப் பாவாடையும் மாலையுமாக இருந்தவளை எங்களுக்கு நடுவில் நிற்க வைத்தார் போட்டோக்காரர். கேமராவைத் தூக்கியதும் அவள் நகர்ந்து வந்து, என் இடது காலுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"பாப்பா, அம்மாவை மறைக்கிற. தள்ளிக்கம்மா" என்றார் அவர்.

நானும், "தள்ளி நில்லுடி, கேஸெல்லாம் முடிஞ்சு போச்சு" என்றேன்.

"தெரியும்மா" என்றாள். ஆனால் நகரவில்லை. அந்தப் படத்தில் என் இடது கால் இருக்கிற இடத்தில் அவளுடைய பாவாடைதான் இருக்கிறது.