கிரைண்டர் மேல் போட்ட பழி

கிரைண்டரில் ஒரு குறையும் இல்லை. அது தெரிந்தும், கிரைண்டரால்தான் மின்சாரம் போகிறது என்று என் வீட்டு மாடியில் வாடகைக்குக் குடியிருந்த அம்மாவிடம் பொய் சொன்னேன்.

மனைவி இறந்தபின் கீழ்வீட்டில் நான் தனியாக இருந்தேன். அந்த அம்மாவும் தனி ஆள்தான். இட்லி மாவு அரைத்துத் தெருவுக்கெல்லாம் கொடுப்பார். காலையில் அந்தக் கிரைண்டர் ஓடும் சத்தத்தில்தான் வீட்டில் இன்னொருவர் இருப்பது எனக்கு உறைக்கும்.

மின்சாரக் கார் வாங்கியபோது, சார்ஜ் போடும் பிளக்கைப் போர்டிகோவில் நானே மாட்டினேன். கல்லூரியில் முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவனுக்கு எலக்ட்ரீஷியனை அழைப்பது கௌரவக் குறைவாகப் பட்டது. காருக்கென்று தனி லைனும் தனி டிரிப்பரும் வேண்டும். நான் பழைய ஏ.சி. லைனிலிருந்தே இழுத்துவிட்டேன். வீடு முழுவதற்கும் ஒரே டிரிப்பர். எங்கே மின்சாரம் கசிந்தாலும், ஆளை ஷாக் அடிக்காதபடி கீழும் மேலும் சேர்த்து அணைத்துவிடும்.

ஐப்பசி மழையில் அந்த டிரிப்பர் அடிக்கடி விழுந்து மின்சாரம் போனது. காரைச் சார்ஜில் விட்டுவிட்டு நான் நூலகத்துக்குப் போய்விடுவேன். அவர் மாவு கொடுக்கப் போயிருப்பார். திரும்பும்போது மாடியில் ஃபிரிட்ஜ் நின்று, மிச்ச மாவு புளித்திருக்கும்.

கடைசியில் எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். அப்போதும் அந்த அம்மா வீட்டில் இல்லை. என்னிடமிருந்த சாவியால் மாடியையும் திறந்துவிட்டேன்; எலக்ட்ரீஷியன் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார்.

"கிரைண்டர் சுத்தமா இருக்கு சார். கார் பிளக்குலதான் தண்ணி எறங்குது. யார் சார் இத மாட்டுனது? பெரிய கைதான் போல."

மறுநாள் படியேறிப் போய், "உங்க கிரைண்டர்லதாம்மா லீக்கேஜ். ரிப்பேர் பண்ணாலும் நிக்காது" என்றேன். பழுது பார்ப்பவன் பிரித்தால் என் பொய் தெரிந்துவிடும் என்பதால் அந்த இரண்டாவது வாக்கியம்.

அவர் கிரைண்டரை விற்றுவிட்டார். மாவு நின்றது. டிரிப்பர் மழைக்கு மழை விழுந்துகொண்டுதான் இருந்தது. தை மாதம் மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை கிடைத்து வீட்டைக் காலி செய்தார். போகும்போது ஒன்றும் கேட்கவில்லை.

அதன்பிறகுதான் காருக்குத் தனி லைன், தனி எர்த், தனி டிரிப்பர் எல்லாம் போட வைத்தேன். ஒரு புதுக் கிரைண்டரைக் காரில் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் போய், அவர் வாசலில் நின்றபடியே நடந்ததைச் சொன்னேன்.

"தெரியும் சார். கிரைண்டர வித்தப்புறமும் கரண்டு போச்சே."

"ஏம்மா கேக்கல?"

"படிச்சவரு, நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன். தை வரைக்கும் இருந்தேன்."

கிரைண்டரை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. "ஷிப்டுக்குப் போறவளுக்கு இது எதுக்கு சார்? வைக்க எடமும் இல்ல. காபி குடிச்சிட்டுப் போங்க."

குடித்தேன். மாடிக்கே திரும்பி வரச் சொல்லிக் கேட்டேன். "வேணாம் சார்" என்றார்.

கிரைண்டர் இப்போது காலி மாடியில், அட்டைப்பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. நேற்றைய மழையில் காரின் டிரிப்பர் மட்டும் விழுந்தது. மாடிக்குப் போய் சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். விளக்கு எரிந்தது. அதை அணைத்துவிட்டு இறங்கினேன்.