சென்னியம்மாளின் வலது குதிகால்

காரமடைக்கு வடக்கே தென்னந்தோப்பும் கறவை மாடுகளுமாக வாழும் சென்னியம்மாள், ஐம்பத்து நான்கு வயதுக்குள் கணக்கில்லாத கல்யாணங்களுக்குப் போயிருக்கிறார். ஒன்றில்கூடக் கடைசிப் பந்தி வரை இருந்ததில்லை. சினிமாவுக்குப் போனால் இடைவேளையோடு சரி. வில்லன் என்ன ஆனான் என்பதை மறுநாள் யாராவது சொன்னால் உண்டு. காரணம் எளிது. சாயங்காலமானால் பால் கறக்க வேண்டும். பால் சொசைட்டி வண்டி யாருக்காகவும் நிற்காது. மாட்டுக்கு முகூர்த்தமும் தெரியாது, கிளைமாக்ஸும் தெரியாது.

பள்ளிப்படிப்பு இப்படித்தான் பாதியில் நின்றது. தையல் வகுப்பு ஜாக்கெட்டின் கைப்பக்கத்தோடு நின்றது. சொந்த மகள் கல்யாணத்திலேயே மாப்பிள்ளை வீட்டார் புறப்படும் நேரத்தில் அம்மாவைக் காணோம் என்று தேடினார்கள். அம்மா பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கட்டுத்தரையில் மாட்டின் மடியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அதனால்தான் ஊரில் வள்ளி கும்மி வகுப்பு தொடங்கியபோது அவர் முதல் ஆளாய்ப் போய் நின்றதை யாரும் நம்பவில்லை. வள்ளியை முருகன் மணந்த கதையைப் பாடி, கைகொட்டிக் குதித்துக் குனிந்து சுழன்று ஆடும் இந்த ஆட்டம் இப்போது கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு காய்ச்சலைப் போலப் பரவியிருக்கிறது. எந்த ஊரில் பார்த்தாலும் ஓர் அரங்கேற்றம், ஒரே நிறப் புடவையில் ஒரு பெருங்கூட்டம். அரங்கேற்றம் என்றால் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. சென்னியம்மாளைக் கவர்ந்ததே அந்த மூன்று மணி நேரம்தான்.

"ஒண்ணையாவது முச்சூடும் இருந்து முடிச்சுப்போடோணுமுங்க. அன்னிக்கு ஒரு நாளைக்குப் பால நீங்க கறந்து ஊத்தீருங்க" என்றார் கணவர் ஆறுச்சாமியிடம்.

ஆறுச்சாமி பால் கறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. "மாடு ஒத்துக்கோணுமே" என்றார்.

"நான் ஒத்துக்கிட்டு இருக்கலீங்களா? மாடு ஒத்துக்காதா?"

மாடு ஒத்துக்கொள்வது இருக்கட்டும், குதிகால் ஒத்துக்கொள்ளவில்லை. தேங்காய் காய வைக்கும் சிமெண்டுக் களத்தில், வெறுங்காலில், வாரம் தவறாமல் குதித்ததன் பலன் வலது காலில் வந்து உட்கார்ந்தது. காலையில் கட்டிலைவிட்டு இறங்கி வைக்கும் முதல் அடி ஆணியை மிதித்த மாதிரி இருக்கும். கொஞ்சம் நடந்தால் குறையும். குறைந்ததும் வலியே இல்லையென்று அவர் முடிவு கட்டிவிடுவார். மறுநாள் காலை ஆணி அதே இடத்தில் காத்திருக்கும். செங்கல்லைச் சுட வைத்து எருக்கிலையைப் பரப்பி அதன்மேல் காலை வைத்துப் பார்த்தார். இலை வாடியது, வலி வாடவில்லை.

காரமடையில் லோகப்பிரியாவின் பிசியோதெரபி கிளினிக் ஓர் உரக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. கால் வலிக்காரர்களும் முழங்கால் போனவர்களும் படியேறித்தான் போக வேண்டும். கீழே வாடகை அதிகம் என்பதே உண்மைக் காரணம். ஆனால் சீக்கிரமே லோகப்பிரியா அந்தப் படிக்கட்டு ஒரு கருவி என்பதைக் கண்டுகொண்டார். இந்த ஊர்க்காரர்களிடம் 'வலிக்குதா' என்று கேட்டுப் பிரயோசனமில்லை. எலும்பு வெளியே தெரிந்தால்கூட 'பரவாயில்லீங்க' என்பார்கள். எதிரில் இருப்பவரைச் சங்கடப்படுத்தக் கூடாதாம். படிக்கட்டுக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது. எந்தக் கால் தயங்குகிறது, எந்தக் கை கம்பியைப் பிடித்துத் தொங்குகிறது என்று உள்ளே உட்கார்ந்தபடியே காதில் விழும்.

"வலது காலுங்களாம்மா?" என்றார், சென்னியம்மாள் வாசலில் தலை காட்டியதுமே.

"அட, எப்படிக் கண்ணு தெரியுது?"

"உக்காருங்க. வலி எவ்வளவு இருக்குதுங்க? ஒண்ணுமேயில்லைன்னா சைபர், தாங்கவே முடியலைன்னா பத்து."

சென்னியம்மாள் யோசித்தார். "நீங்களே பாத்து ஒண்ணப் போட்டுக்குங்க கண்ணு."

லோகப்பிரியா பேனாவைக் கீழே வைத்தார். பாதத்தின் அடியில், குதிகாலின் உள்பக்கமாய்ப் பெருவிரலால் அழுத்தினார். சென்னியம்மாள் வாய் திறக்கவில்லை. ஆனால் கட்டிலின் ரெக்சினில் அவருடைய ஐந்து விரலும் பதிந்தன.

"குதிகால்ல இருந்து வெரலுக்குத் தோல் வார் மாதிரி ஒரு பட்டை போகுதுங்க. உங்க கெண்டைக்கால் கல்லாட்டம் இறுகியிருக்குது. அது மேல இழுக்குது, நீங்க கீழ சிமெண்டுல குதிக்கறீங்க. நடுவுல மாட்டிக்கிட்டது அந்தப் பட்டை."

"செங்கல்லு வெச்சங்க."

"வைங்க, சுகமாத்தான் இருக்கும். அரை மணி நேரம் செங்கல்லு, அப்புறம் ஒரு மணி நேரம் களத்துல குதின்னா, யாரு ஜெயிப்பா?"

பிறகு வேலை சொல்லிக் கொடுத்தார். காலையில் இறங்கும் முன், கட்டிலில் இருந்தபடியே துண்டை விரல்களுக்குப் பின்னால் கொடுத்துத் தன் பக்கமாய் இழுக்க வேண்டும். சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் சாய வேண்டும். படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாக ஏற்றி, அதைவிட மெதுவாக இறக்க வேண்டும். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு. பயிற்சியில் ஒரு பாட்டு ஆடினால் ஒரு பாட்டு உட்கார வேண்டும்.

"சரீங்க" என்றார் சென்னியம்மாள்.

கொங்கு நாட்டில் 'சரீங்க' என்பதற்கு 'நீங்கள் சொன்னது காதில் விழுந்தது' என்று பொருள். அதற்கு மேல் எதிர்பார்ப்பது கேட்பவரின் பேராசை. லோகப்பிரியாவும் அதே ஊர்க்காரர்தான், தன் தாயிடமே ஆயிரம் 'சரீங்க' வாங்கியவர். ஆனாலும் ஆச்சரியம், சென்னியம்மாள் முக்கால்வாசியைச் செய்தார். சமையலறைக்குள் செருப்பு என்ற நினைப்பே கூச்சமாக இருந்ததால் வாசலைத் தாண்டாத ஒரு புது ஜோடியை வாங்கி, மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுப் போட்டுக்கொண்டார்.

"ஊடு ஆஸ்பத்திரியாட்டமிருக்குது" என்றார் ஆறுச்சாமி.

"ஆஸ்பத்திரிக்குப் போகாம இருக்கத்தானுங்க இது."

வலி நன்றாகவே குறைந்தது. ஆபத்தும் அங்கேதான் தொடங்கியது. வலி இருந்தபோது பாதி ஆடியவர், வலி குறைந்ததும் விட்டுப்போனதையெல்லாம் சேர்த்து ஆடினார். உட்கார வேண்டிய பாட்டுக்கும் ஆடினார். அரங்கேற்றம் நெருங்கியதும் ஆசிரியர் கிருபாசங்கர் அவரை முதல் வரிசையில் நிறுத்தினார். அப்புறம் கேட்க வேண்டுமா?

அரங்கேற்றத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது லோகப்பிரியா படிக்கட்டில் ஒரு விசித்திரமான சத்தத்தைக் கேட்டார். இடது கால் வழக்கம்போலத் தட்டியது. வலது காலுக்குச் சத்தமே இல்லை. ஒற்றைக்காலில் யாராவது ஏறி வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். சென்னியம்மாள் வலது முன்பாதத்தில் பூனை மாதிரி ஏறி வந்துகொண்டிருந்தார். பின்னால் ஆறுச்சாமி.

"எப்படீங்கம்மா இருக்குது?"

"இப்பப் பரவாயில்லீங்க."

"நீங்க சொல்றது ஒண்ணு, படி சொல்றது வேற ஒண்ணுங்கம்மா. உக்காராம ஆடுனீங்களா?"

சென்னியம்மாள் சுவரில் தொங்கிய எலும்புக்கூட்டுப் படத்தை அக்கறையோடு பார்த்தார். பதில் ஆறுச்சாமியிடமிருந்து வந்தது.

"போன மாசம் செவலை மாடு காலத் தாங்கித் தாங்கி நடந்துதுங்க டாக்டர். பதினஞ்சு நாள் கட்டுத்தரைய விட்டு அவுக்கவே இல்லை. 'வாயில்லா சீவன், நாமதான் பாத்துக்கோணும்'னா. மேய்ச்சலுக்கு ஓட்டலாமான்னு கேட்ட என்னை என்ன திட்டுத் திட்டுனா தெரியுங்களா?"

"அது மாடுங்க" என்றார் சென்னியம்மாள்.

"உங்களுக்கு வாயிருக்குது. வலியச் சொல்றதுக்குத்தான் தொறக்க மாட்டேங்கறீங்க" என்றார் லோகப்பிரியா. "அரங்கேத்தத்துக்கு முன்னாடி இனி குதிக்கப்படாது. கைதட்டி நடந்து பாருங்க, போதும். அன்னிக்கு ஆடலாம், கால்ல டேப் ஒட்டி உடறேன். ஆனா நடுவுல வலி எடுத்துச்சுன்னா வரிசைய விட்டு வெளிய வரோணும். ஒரு பாட்டு உக்காந்து, காலை இழுத்துவிட்டு, அப்புறம் போலாம்."

சென்னியம்மாளின் முகம் மாறியது. வரிசையை விட்டு வெளியே போனவர் திரும்பி வந்தால் கடைசி வரிசைதான் என்பது கிருபாசங்கர் வைத்த சட்டம். அதுகூடப் பெரிதில்லை.

"நடுவுல எந்திரிச்சு வாரதுன்னா, நான் இத்தனை நாளும் செஞ்சதும் அதுதானுங்களே கண்ணு? அப்புறம் முச்சூடும் ஆடுனேன்னு எப்படிச் சொல்றது?"

"வெளிய வராம ஆடுனீங்கன்னா பாதியில உங்களைத் தூக்கிட்டுப் போவாங்க. வந்துட்டுப் போனீங்கன்னா கடைசிப் பாட்டுல நிப்பீங்க. எது வேணும்?"

சென்னியம்மாள் குனிந்து வலது குதிகாலைத் தடவினார்.

"சரீங்க" என்றார் சென்னியம்மாள்.

இது எந்தச் 'சரீங்க' என்று அறையிலிருந்த மூவருக்கும் தெரியவில்லை, சொன்னவர் உட்பட.

அரங்கேற்றத்தன்று, லோகப்பிரியா கிருபாசங்கரைப் பிடித்து, ஆடப் போகும் எல்லோருக்கும் கெண்டைக்கால் இளக்கும் பயிற்சி கொடுக்கச் சம்மதிக்க வைத்திருந்தார். சிமெண்டுத் தரை வேண்டாம் என்று அடம்பிடித்து மண் மைதானத்துக்கு மாற்றியதும் அவர்தான். மாம்பழ நிறப் புடவையில் அத்தனை பெண்களும் மைதானத்துச் சுற்றுச்சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டிச் சாய்ந்து நின்றார்கள். சைக்கிளில் போன ஒருவர் இறங்கி நின்று கேட்டார்:

"ஏனுங்க, செவுத்தைத் தள்ளறீங்களா?"

"ஆமாங்க, ஒரு கை புடிங்க" என்றது வரிசையிலிருந்து ஒரு குரல்.

ஆட்டம் தொடங்கியது. சென்னியம்மாள் முதல் வரிசையில், இடமிருந்து மூன்றாவது. அவர் ஆடியது அழகா என்று கேட்டால், அழகு என்பதைவிடக் கறார் என்று சொல்லலாம். ஒரு தட்டு பிசகவில்லை. வள்ளி தினைப்புனம் காத்தாள், முருகன் வேடனாய் வந்தான், கிழவனாய் வந்தான். கிழவன் தேனும் தினைமாவும் கேட்கும் பாட்டில் சென்னியம்மாளின் உதடு உள்ளே மடிந்தது. மைதானத்து ஓரத்துப் பந்தலில் நின்ற லோகப்பிரியா அதைப் பார்த்துவிட்டார். கூப்பிடவில்லை. மண்ணில் படிக்கட்டும் இல்லை; இனி வாய் ஒன்றுதான் வழி.

அந்தப் பாட்டு முழுக்க ஆடினார். அடுத்த பாட்டின் பாதி வரை ஆடினார். குதிக்கும் இடத்தில் வலது கால் தரையைத் தொடாமல் ஏமாற்றத் தொடங்கியது. பிறகு, கைதட்டிக்கொண்டே, முதல் வரிசையிலிருந்து ஓர் அடி முன்னால் வந்து, மைக்கில் பாடிக்கொண்டிருந்த கிருபாசங்கரிடம் சத்தமாகச் சொன்னார்:

"கால் வலிக்குதுங்க தம்பி. உக்காந்துபோட்டு வாரேன்."

மைக் அதையும் வாங்கி மைதானம் முழுக்க ஒலிபரப்பியது. ஐம்பத்து நான்கு வருடங்களில் அவர் இப்படிச் சொன்னது முதல் முறை, அதுவும் ஒலிபெருக்கியில்.

பக்கத்தில் ஆடியவர் மூச்சு வாங்கியபடி, "அக்கா பால் கறக்கப் போறாங்களாட்டமிருக்குது" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். சென்னியம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. நொண்டிக்கொண்டே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினார். லோகப்பிரியா துண்டை எடுத்து நீட்டினார்.

"ஏழுங்க" என்றார் சென்னியம்மாள்.

"என்னங்கம்மா?"

"பத்துக்குக் கேட்டீங்கல்ல, அன்னிக்கு. ஏழு இருக்குமுங்க."

லோகப்பிரியா மண்டியிட்டு டேப்பை மாற்ற ஆரம்பித்தார். அப்போது ஆறுச்சாமி மொபெட்டை நிறுத்திவிட்டு வந்து சேர்ந்தார். சட்டையெல்லாம் வெள்ளைத் திட்டு.

"ஊத்தியாச்சுங்களா?" என்று கேட்டார் சென்னியம்மாள்.

"ஊத்தியாச்சு. பாதி சொசைட்டிக்கு, பாதி என்ற மேல." நாற்காலியைப் பார்த்தார். "என்ன, முடிஞ்சுதா?"

"எங்கீங்க முடிஞ்சுது? இப்ப எத்தனைன்னு பாத்துப்போட்டு…" காலை ஊன்றிப் பார்த்தார். "நாலு. போலாமுங்களா கண்ணு?"

"போங்க. குதிக்கற எடத்துல நடந்துக்குங்க. அஞ்சைத் தாண்டுனா வந்துருங்க."

தாண்டவில்லை. கடைசி வரிசையில், தன்னைவிட முப்பது வயது இளைய பெண்களுக்கு நடுவே, குதிக்கும் இடத்தில் நடந்தும் நடக்கும் இடத்தில் அசைந்தும் சென்னியம்மாள் ஆடினார். வள்ளிக்குக் கல்யாணம் ஆயிற்று. கிருபாசங்கர் மங்களம் பாடினார். எல்லோரும் கைதட்டி நின்றபோது அவரும் நின்றார். முன்வரிசையில் இருந்தவர்கள் படம் எடுத்துக்கொள்ள ஓடினார்கள். ஒலிபெருக்கிக்காரர் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார்.

ஆறுச்சாமி மொபெட்டை உதைத்துக் கிளப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. சென்னியம்மாள் அதே பிளாஸ்டிக் நாற்காலிக்குத் திரும்பியிருந்தார். வலது காலை இன்னொரு நாற்காலியில் தூக்கி வைத்திருந்தார்.

"ஏம்புள்ள, வரலியா? எல்லாம் முடிஞ்சுபோச்சே."

"வண்டிய அமத்துங்க. பந்தல் பிரிக்கறதை நான் பாத்ததே இல்லீங்க" என்றார் சென்னியம்மாள்.